அட்மினிஸ்ட்ரேட்டர்: ஆள்பவரா, ஆளா?

வீட்டுக் கணினியில் ஒரு சின்ன மென்பொருளை நிறுவப் போனேன். திரை மங்கி, நடுவில் வழக்கமான அனுமதிப் பெட்டி வந்தது. தொடர வேண்டுமானால் அட்மின் பெயரும் கடவுச்சொல்லும் கொடு என்றது. கொடுப்பதற்குக் கட்டம் எதுவும் இல்லை. ‘யெஸ்’ பொத்தான் சாம்பல் பூத்துக் கிடக்க, ‘நோ’ மட்டும் உயிரோடு இருந்தது.

காரணம் நானேதான். முந்தின நாள் கணக்குகளை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, கணினியில் எதையும் மாற்றும் உரிமையுள்ள ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவிலிருந்து என் பெயரை நானே எடுத்துவிட்டிருந்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்நுழையும்போது விண்டோஸ் கொடுக்கும் அனுமதிச்சீட்டு, அதாவது டோக்கன், வெளியேறும்வரை செல்லும். மறுநாள் புதுச் சீட்டு கிடைத்தது. அதில் அந்த உரிமை இல்லை. கணினி என்னுடையது, அட்மினிஸ்ட்ரேட்டர் நான் இல்லை. அப்படியானால் அந்த ஆள் யார்?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். லத்தீனில் ‘மினிஸ்டர்’ என்றால் பணியாள். ‘குறைந்தது’ என்று பொருள்படும் ‘மினுஸ்’ என்பதிலிருந்து வந்தது, கீழ்நிலையில் இருப்பவன். அவனுக்கு எதிர்ப்பதம் ‘மாகிஸ்டர்’, மேல்நிலையில் இருப்பவன். நாம் சொல்லும் ‘மாஸ்டர்’ அந்த வழியில் வந்தவர். ‘மினிஸ்ட்ராரே’ என்றால் பணிவிடை செய்தல். முன்னால் ‘அட்’ சேர்ந்து ‘அட்மினிஸ்ட்ராரே’ ஆனது. பணிவிடை செய்தவன் மெல்லக் காரியங்களை நடத்துபவனாகி, கடைசியில் அதிகாரியாகவே உட்கார்ந்துவிட்டான். மினிஸ்டர் மந்திரியான கதையும் இதேதான்.

இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘நிர்வாகி’. அது வடசொல். ‘வஹ்’ என்றால் சுமத்தல், கொண்டுசெல்லுதல். வாகனம், பிரவாகம், விவாகம் எல்லாம் அதன் உறவுகள். ‘நிர்’ சேர்ந்தால், சுமையை முடிவிடம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தல். ஆக நிர்வாகியும் அடிப்படையில் சுமப்பவர்தான். சங்க நிர்வாகி, கட்சி நிர்வாகி என்று சொல்லும்போது மாலையும் மேடையும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன, சுமை தெரிவதில்லை.

கணினிக்கு வருவோம். 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. 3.1 முதற்கொண்டு இந்தப் பெயர் விண்டோஸில் இருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அதே இடத்தில் இருப்பவர் ‘ரூட்’. பெயர்கள் நமக்காக, கணினி பார்ப்பது எண்ணை. ரூட்டின் எண் 0. விண்டோஸோடு பிறக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் நீண்ட அடையாள எண் எப்போதும் 500 என்று முடியும். அந்தக் கணக்குக்கு வேறு பெயர் வைத்தாலும் 500 மாறாது. அதைத் தவிர அட்மின் உரிமையுள்ள மற்றவர்கள் எல்லாம் 544 என்று முடியும் குழுவின் உறுப்பினர்கள், அவ்வளவுதான். நான் என்னை நீக்கிக்கொண்டது அந்தக் குழுவிலிருந்துதான்.

இங்கேதான் ‘நிர்வாகி’ என்ற சொல் கொஞ்சம் வழிதவற வைக்கிறது. அது ஒரு மனிதரைக் காட்டுகிறது; கணினி சொல்வது ஓர் உரிமையை. நிர்வாகியாக இருப்பவருக்கே கூட அந்த உரிமை எந்நேரமும் கையில் இருப்பதில்லை. 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, அட்மின் கணக்கில் நுழைபவருக்கு இரண்டு சீட்டுகள்: ஒன்று முழு உரிமையோடு, மற்றது உரிமை கழித்தது. அன்றாட வேலை இரண்டாவதில்தான் நடக்கும். ‘நான்தானே அட்மின், அப்புறம் ஏன் என்னிடமே கேட்கிறாய்?’ என்று பலர் எரிச்சல்படும் பெட்டி, முதல் சீட்டை எடுக்கட்டுமா என்று கேட்கிற பெட்டி. எனக்கு எடுக்கச் சீட்டே இல்லை. அதனால்தான் ‘யெஸ்’ சாம்பலானது.

500ஆம் எண் கணக்கு என்ன ஆனது? விஸ்டாவிலிருந்தே அது முடக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டுக் கணினியில் அட்மின் உரிமையுள்ள கடைசிக் கணக்கும் தவறுதலாகப் போய்விட்டால், சேஃப் மோடில், அதாவது அடிப்படைத் தேவைகளோடு மட்டும் கணினி தொடங்கும் நிலையில், அந்த முடங்கிய கணக்கு உள்ளே விடும். உள்நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4ஐ அழுத்தினேன். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் நடுவில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. கறுப்புத் திரையின் நான்கு மூலையிலும் ‘சேஃப் மோட்’ என்ற எழுத்து. யாரும் கடவுச்சொல் வைக்காததால் அட்மினிஸ்ட்ரேட்டர் எதுவும் கேட்காமல் திறந்தார். என் கணக்கின் வகையை மாற்றிவிட்டு வழக்கம்போல் தொடங்கினேன். அவர் மறுபடி காணாமல் போயிருந்தார்.

வீட்டில் அட்மின் உரிமையுள்ள இன்னொரு கணக்கு இருந்தால் இத்தனை சுற்று தேவையில்லை. அதில் நுழைந்து கணக்கின் வகையை மாற்றினால் போதும்.

இதை ‘மீட்பு’ என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். அடகு வைத்ததை மீட்கிறோம். நமதாக இருந்தால்தான் மீட்பு. அடுத்தவர் கணினியில் இதையே செய்தால் அதற்கு வேறு பெயர்.

சரி, அட்மினிஸ்ட்ரேட்டருக்கு நல்ல தமிழ் எது? ‘ஆட்சியர்’ பொருந்தும், ஆட்சிப் பணி என்று நாம் சொல்வது இதே சொல்லின் பெயர்ப்புதான். ஆனால் ஆட்சியர் என்றால் மாவட்ட ஆட்சியர் வந்து நிற்பார். ‘மேலாளர்’ மேனேஜருக்குப் போய்விட்டது. ‘பொறுப்பாளர்’ மோசமில்லை.

என் கண் ‘ஆள்’ மேலேயே இருக்கிறது. வினையாக அது ஆளுதல், அரசு. பெயராக அது வேலையாள், கூலியாள், பணியாள். முதலாளியிலும் ஒரு ‘ஆளி’, தொழிலாளியிலும் அதே ‘ஆளி’. தெலுங்கில் ஆளுதல் ‘ஏலு’ ஆவதைக் காட்டி இரண்டும் வேறு வேர் என்று வாதிடலாம். இருக்கட்டும். லத்தீன் பணியாள் அதிகாரியாகப் பல நூற்றாண்டு நடந்த தூரத்தைத் தமிழில் ஓரெழுத்துகூட மாறாத ஒரு சொல் ஒரே இடத்தில் நின்று காட்டுகிறதே!

மனிதரைச் சொல்ல ‘நிர்வாகி’ இருந்துவிட்டுப் போகட்டும்; ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம். உரிமையைச் சொல்ல ‘ஆளுரிமை’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்: ஆளுரிமையுள்ள கணக்கு, ஆளுரிமை இழப்பு, ஆளுரிமை மீட்பு. ‘அட்மின் அக்சஸ் போச்சு’ என்று புலம்புவதைவிட ‘ஆளுரிமை போச்சு’ என்றால் என்ன போனது என்பதாவது தெரிகிறது.

அன்றைக்கே அவசரத்துக்கென்று ஆளுரிமையோடு இரண்டாவது கணக்கு ஒன்றையும் உருவாக்கி, கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அலமாரியில் வைத்தேன். கணக்குக்குப் பெயர் கேட்டது. ‘ஆள்’ என்று தட்டினேன்.