ரிப்பேர்: உடைந்ததா, சரியானதா?

"17சி மேசை ரிப்பேர்."

விமானத்தின் பயணியர் அறையில் இரவுப் பராமரிப்பு முடிகிற நேரத்தில், 17சி இருக்கைக்கான மடிப்புமேசையைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த முறை வேலைக்கு வருபவர் இதை எப்படிப் படிப்பார்? மேசை உடைந்து கிடக்கிறது, இனிமேல்தான் கவனிக்க வேண்டும் என்றா? கவனித்துச் சரிசெய்தாகிவிட்டது என்றா? தமிழ் பேசும் ஒருவருக்கு முதலில் தோன்றுவது உடைந்த மேசைதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பழகியவருக்கோ சரியான மேசை தோன்றும். ஒரே சொல்லுக்குள் நோயும் மருந்தும் இருக்கின்றன. விமானத்துக்குள் இந்தக் குழப்பத்துக்கு இடம் தரக்கூடாது என்பதால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

ரிப்பேர் என்பதன் மூலம் இலத்தீனில் உள்ள 'ரெபராரே' என்ற வினை. 'ரெ' என்றால் மறுபடியும்; 'பராரே' என்றால் ஆயத்தம் செய்தல். மறுபடியும் ஆயத்தநிலைக்குக் கொண்டுவருவது என்பது அதன் நேர்ப்பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆயத்தப்படுத்துதலைக் குறிக்கும் 'பிரிப்பேர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே 'பராரே'யில் பிறந்ததுதான். ஆக, பிறந்த இடத்தில் இது முழுக்க முழுக்க நல்ல செய்தியைச் சொல்லும் சொல். உடைப்பு என்ற பொருள் அதன் எந்த உறுப்பிலும் இல்லை.

தமிழுக்கு வந்தபோது அது தலைகீழானது. 'ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன்' என்று அடிக்கடி சொல்லப்பட்டதில், ரிப்பேருக்குப் போகும் பொருளின் நிலையே ரிப்பேர் என்று ஆகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 'வண்டி ரிப்பேர் ஆகிவிட்டது' என்றால் ஓடவில்லை என்று பொருள். 'வண்டியை ரிப்பேர் செய்தேன்' என்றால் ஓடுகிறது என்று பொருள். 'ஆகு', 'செய்' என்ற துணைவினைகள்தாம் திசையைக் காட்டுகின்றன. வினையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதினால் திசை தொலைந்துவிடுகிறது. பராமரிப்புக் குறிப்புகளோ பெரும்பாலும் வினையை விட்டுச் சுருக்கமாக எழுதப்படுபவை.

இந்த இடத்தில் நம் சொல்லாகிய 'பழுது' எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று பாருங்கள். பழுது என்றால் குறை, கேடு, பிழை. திருக்குறளின் 639ஆம் குறளில் 'பழுதெண்ணும் மந்திரி' வருகிறான்; அரசனுக்குக் கேடு நினைக்கும் அமைச்சன் அவன். 'பழுதறக் கற்றான்' என்றால் குறையில்லாமல் கற்றான். அறத்தைப் பற்றிய பேச்சிலும் கல்வியைப் பற்றிய பேச்சிலும் இயந்திரத்தைப் பற்றிய பேச்சிலும் பழுது ஒருபோதும் தன் பக்கம் மாறியதில்லை. 'பழுதாகிவிட்டது' என்றாலும் சரி, வெறுமனே 'பழுது' என்றாலும் சரி, குறையைத்தான் குறிக்கும். சரிசெய்வதற்கு அதன்மீது இன்னொரு சொல் ஏறியாக வேண்டும்: பழுது பார்த்தல்.

அந்தப் 'பார்த்தல்' வெறும் கண்பார்வை அன்று. வைத்தியம் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது, வேலை பார்ப்பது என்று பொறுப்பெடுத்துச் செய்யும் செயல்களுக்கெல்லாம் தமிழ் இந்த வினையைத்தான் வைத்திருக்கிறது. பழுதைப் பார்ப்பவர் அதன் பொறுப்பை ஏற்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கூட்டுச்சொல் இது. ஆனாலும் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். 'வைத்தியம் பார்த்தார்கள், குணமாகவில்லை' என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். பார்த்தல் முயற்சியைச் சொல்லும். முடிவை உறுதி செய்யாது. வேலைக்குப் பெயராகப் 'பழுதுபார்ப்பு' பொருந்தும். வேலை முடிந்தது என்று கையொப்பமிடும் இடத்தில் அது போதாது.

விமானப் பதிவேட்டில் இரண்டு பத்திகள் எதிரெதிரே இருக்கும். ஒன்றில் என்ன குறை என்று எழுத வேண்டும். மற்றொன்றில் அதற்கு என்ன செய்யப்பட்டது என்று எழுதி, உரிய அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட வேண்டும். முதல் பத்திக்குப் 'பழுது' என்ற தலைப்பே போதும். இரண்டாம் பத்திக்குப் 'பழுதுநீக்கம்' என்று வைக்கலாம் என்கிறேன். நீக்கம் என்றால் போய்விட்டது என்று பொருள். அந்தக் கையொப்பம் உறுதியளிப்பதும் அதைத்தான்.

இதற்குள் இன்னொரு பிரிவும் இருக்கிறது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 'பராமரிப்பு' என்பதற்குத் தன் இணைப்பு ஆவணங்களில் வரையறை தந்திருக்கிறது. முழுச் சீரமைப்பு, ஆய்வு, மாற்றுதல், குறைநீக்கம், மாறுதலையோ ரிப்பேரையோ செயல்படுத்துதல் ஆகியவை அதில் தனித்தனியாக வருகின்றன. அதாவது குறைநீக்கம் வேறு, ரிப்பேர் வேறு. ரிப்பேர் என்பதற்கு அந்த அமைப்பு கொள்ளும் பொருளும் குறுகலானது: சேதத்தாலோ தேய்மானத்தாலோ குறைப்பட்ட ஒன்றை, அந்த விமான வகைக்கு ஒப்புதல் தரப்பட்ட வடிவமைப்புத் தேவைகளுக்கு மீண்டும் இணங்கும் நிலைக்குக் கொண்டுவருதல். மேசையின் தாழைக் கழற்றிப் புதுத் தாழ் போட்டால் அது மாற்றுதல். தளர்ந்த திருகாணியை முறுக்கினால் அது சரிப்படுத்தல். இரண்டும் பழுதுநீக்கமே, குறுகிய பொருளில் ரிப்பேர் ஆகா. விரிசல் விட்ட சுவர்ப்பலகையை அதே பலகையாக மீட்டெடுத்தால் மட்டுமே அது ரிப்பேர்.

அந்தக் குறுகிய பொருளுக்குத் தமிழில் ஒரு சொல் காத்துக்கொண்டிருக்கிறது: செப்பனிடல்.

செம்மை என்ற அடியில் பிறந்தது செப்பம். நேர்மை, ஒழுங்கு, நடுவுநிலை என்பன அதன் பொருள்கள். 'செப்பம் உடையவன்' என்று 112ஆம் குறள் நடுவுநிலையாளனைச் சொல்கிறது. நேரான வழிக்கும் இச்சொல் உண்டு என்று அகராதிகள் காட்டுகின்றன. அறம் அறன் ஆவதுபோல, கலம் கலன் ஆவதுபோல, செப்பம் செப்பன் ஆகி 'இடு' சேர்ந்து செப்பனிடு ஆனது. இன்று செய்தித்தாள்கள் பெரும்பாலும் சாலைக்கே அதை ஒதுக்கி வைத்திருக்கின்றன. இருக்க வேண்டிய ஒழுங்குக்குத் திருப்பிக் கொண்டுவருதல் என்பதே அதன் உள்ளுறை. ஒப்புதல் பெற்ற வடிவமைப்புக்குத் திருப்பிக் கொண்டுவருதல் என்ற விதிமுறைப் பொருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச்சொல்லை நான் காணவில்லை.

செப்பனிடல் என்ற சொல் இங்கே ஏன் பொருந்துகிறது என்பதை ஒரு பலகையை வைத்தே பார்த்துவிடலாம். பயணியர் அறையின் பக்கச் சுவர், கூரை, தலைக்கு மேலுள்ள பெட்டி, தடுப்புச் சுவர் எல்லாம் பார்வைக்குத் திண்மையான பிளாஸ்டிக் போலத் தெரியும். பெரும்பாலானவை உள்ளே தேன்கூடு போன்றவை. அராமிட் என்ற வெப்பம் தாங்கும் செயற்கை இழையாலான தாளை அறுகோண அறைகளாக்கிப் பீனாலிக் என்ற பிசினில் தோய்த்து நடுவில் வைத்து, இருபுறமும் கண்ணாடி இழைத் தோல் ஒட்டியிருப்பார்கள். மேலே அலங்காரப் படலம் ஒன்று. மிக லேசான பலகை. ஆனால் திருகாணி நேரடியாகப் பிடித்து நிற்க அதில் சதை கிடையாது. ஆகவே இன்சர்ட் எனப்படும் சிறு உலோகக் குழலைப் பிசின் கலவையால் பலகைக்குள் பதித்து, அதில்தான் கீலையும் தாழையும் முடுக்குகிறார்கள். கதவை இழுத்து இழுத்து மூடுவதில் அந்தக் குழல் பிடுங்கிக்கொண்டு வருவது அன்றாடப் பழுதுகளில் ஒன்று.

அதைச் செப்பனிடும் முறை பொறுமை கேட்பது. முதலில் சேதம் எதுவரை பரவியிருக்கிறது என்று அறிய வேண்டும். நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு நன்றாக இருக்கும் இடம் தெளிவாக ஒலிக்கும். தோல் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பழைய குழலைத் துளைத்தெடுத்து, நொறுங்கிய தேன்கூட்டை அகற்றித் துடைத்து, குறிப்பிட்ட கலவையை நிரப்பிப் புதுக் குழலை மட்டமாகப் பதித்து, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பாதி இறுகிய கலவையில் திருகாணியை முடுக்கினால் பழுது திரும்பி வரும். எந்தக் கலவை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பெரிய சேதம்வரை செப்பனிடலாம், அதற்குமேல் பலகையையே மாற்ற வேண்டுமா என்பதெல்லாம் உற்பத்தியாளரின் கையேட்டில் இருக்கும். கையேட்டில் இல்லாததைக் கைப்பழக்கத்தால் செய்தால், அது எவ்வளவு அழகாக அமைந்தாலும் செப்பனிடல் ஆகாது.

காரணம் தீ. அமெரிக்க விதிகளின்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகள் செல்லும் விமானங்களில், அறையின் பெரிய உட்புறப் பலகைகள் எரியும்போது வெளியிடும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு உச்சமாக 65 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. முதல் 2 நிமிடங்களில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 65 கிலோவாட்-நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இந்த எண்ணைத் தொட்டுவிடப் பலகையே உடைய வேண்டியதில்லை. கீறலை மறைக்க ஒரு படலத்தின்மீது இன்னொரு படலம், ஒரு வண்ணப்பூச்சின்மீது இன்னொரு பூச்சு என்று ஏற்றிக்கொண்டே போனால், எரிவதற்கான பொருள் கூடிக்கொண்டே போகும். பார்வைக்குப் பழுது நீங்கியிருக்கும்; விதிக்குப் புதிய பழுது பிறந்திருக்கும்.

1983ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி ஏர் கனடாவின் 797ஆம் எண் விமானத்தில் பின்புறக் கழிவறைப் பகுதியில் தீப்பிடித்தது. சின்சினாட்டியில் தரையிறக்கிவிட்டார்கள். ஆனால் கதவுகள் திறந்த சிறிது நேரத்திலேயே அறை முழுவதும் தீ பரவிவிட்டது. 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். புகை நிறைந்த அறையில் தலைக்கு மேலிருந்த விளக்குகளால் வழி காட்ட முடியவில்லை. தரையோர வழிகாட்டி விளக்குகளும் தீயைத் தடுக்கும் இருக்கை உறைகளும் அமெரிக்க விதிகளில் 1984இல் இடம்பெற்றன. தரைவிரிப்பு ஓரத்தில் ஒளிரும் அந்தப் பட்டையில் ஒரு துண்டு அணைந்திருப்பதைப் பார்த்தால், அது அலங்காரப் பழுது அன்று என்பது நினைவுக்கு வர வேண்டும்.

ரிப்பேருக்கு நிகராக வேறு சில சொற்களையும் சிலர் முன்வைப்பது உண்டு. 'மராமத்து' அரபு மூலம் கொண்டது. பழுதுபார்த்தல் என்றே பொருள். ஆனால் தமிழில் ஏரியோடும் கட்டடத்தோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'சீரமைப்பு' பெரிய அளவில் புதுப்பிப்பதைக் குறிப்பதால் ஒரு கைப்பிடிக்கு அது பெரிய சட்டை. 'பராமரிப்பு' என்பது பழுது வருமுன் செய்வதையும் சேர்த்துக்கொள்ளும் குடைச்சொல். ஆங்கிலத்தில் அதற்கு நிகராக வழங்கும் 'மெயின்டெனன்ஸ்' என்ற சொல்லின் இலத்தீன் மூலம் 'கையில் பிடித்திருத்தல்' என்ற பொருளுடையது. பராமரிப்பு என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம். பேணுதல் என்றாலும் அழகுதான்.

ஆங்கிலத்தின் 'ஃபிட்டிங்ஸ்' என்பதற்கு மொழிபெயர்ப்புகளில் காணும் 'பொருத்துதல்கள்' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொருத்துதல் என்பது செயல். கைப்பிடியும் கொக்கியும் செயல்கள் அல்ல, பொருள்கள். இணைப்பைக் குறிக்கும் 'பொருத்து' என்ற பெயர்ச்சொல் தமிழில் முன்பே இருக்கிறது. அறைக்குள் பொருத்தப்பட்ட இவற்றை 'உட்பொருத்து' என்று சொல்லிப் பார்க்கலாம்.

பழுது இருந்தும் பறக்க அனுமதிக்கப்படும் நிலை ஒன்று உண்டு. அதற்கும் 'ரிப்பேர்' என்றே சொல்லிவிடுவது பெருங்குழப்பம். எவை இயங்காவிட்டாலும் பறக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியலில் இடம்பெற்றவற்றைச் சரிசெய்யக் கெடு உண்டு: பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள், கண்டறிந்த நாள் கணக்கில் சேராது. இதை 'ஒத்திவைத்த பழுது' என்று எழுதுவது பொருத்தம். பழுது என்ற சொல் அங்கே மறையாமல் நிற்பதுதான் முக்கியம்; தள்ளிவைத்தாலும் அது பழுதுதான். சிறியது என்று நினைப்பவை எல்லாம் சிறியவை அல்ல. புகைபிடிக்கத் தடை உள்ள விமானத்திலும் கழிவறைக் கதவிலோ அதன் அருகிலோ சாம்பல் கிண்ணம் இருந்தாக வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. தடையை மீறி ஒருவர் புகைத்தால், நெருப்புத் துண்டு காகிதக் குப்பைக்குள் விழாமல் இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் காரணம். அது காணாமல் போனால் பழுது என்று பதிந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் பார்த்த சீட்டை இப்போது இப்படி எழுதலாம். "பழுது: 17சி மடிப்புமேசையின் தாழ் நிற்கவில்லை, மேசை தானாக இறங்குகிறது. பழுதுநீக்கம்: தாழ் மாற்றப்பட்டது, பத்து முறை மூடித் திறந்து சோதிக்கப்பட்டது." அடுத்த வரி: "பழுது: பின்புறத் தடுப்புச் சுவரில் கீலின் இன்சர்ட் பிடுங்கியுள்ளது. பழுதுநீக்கம்: கையேட்டின்படி பலகை செப்பனிடப்பட்டது, கலவை இறுகிய பின் கீல் பொருத்தப்பட்டது."