அளவுத்திட்ட மாற்றம்: படவரைவில் 'ரீஸ்கேல்' என்பது எதைக் குறிக்கிறது?

அறிவியல் தரவைப் படமாக வரைபவர்கள் 'ரீஸ்கேல்' என்ற சொல்லை இரண்டு வேலைகளுக்கு வழங்குகிறார்கள். படத்தையே பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ ஒன்று. அதில் படப்புள்ளிகளின் எண்ணிக்கை மாறும், இடையில் வேண்டிய மதிப்புகளை மென்பொருள் கணித்து நிரப்பும். படத்தின் ஒரு புள்ளியையும் தொடாமல், அச்சுகளில் உள்ள எண்கள் எந்த அலகில், எங்கிருந்து எங்குவரை ஓடவேண்டும் என்று மட்டும் மாற்றிச் சொல்வது மற்றொன்று. முன்னதில் தரவே மாறுகிறது. பின்னதில் தரவைப் படிக்கும் முறை மாறுகிறது. இவ்வளவு தொலைவுள்ள இரு செயல்களுக்குத் தமிழில் ஒரே சொல்லை வைப்பது தவறு என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ஸ்கேல் என்பதன் மூலச்சொல், ஏணியைக் குறிக்கும் 'ஸ்காலா' என்ற லத்தீன் சொல். ஏணியின் படிகள் சம இடைவெளியில் அமைவதுபோல், கோட்டின்மேல் சம இடைவெளியில் இட்ட குறிகளுக்கும் அப்பெயர் வந்தது. இசையில் சுரவரிசைக்கு ஸ்கேல் என்பதும் இவ்வழியில் வந்ததே. எடை பார்க்கும் தராசைக் குறிக்கும் ஆங்கில ஸ்கேல், கிண்ணம் என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்த வேறு சொல். இரண்டுக்கும் உறவில்லை.

தமிழில் இதற்கு அளவுகோல், அளவீடு, அளவுத்திட்டம் என்று மூன்று சொற்கள் கலந்து வழங்குகின்றன. அளவுகோல் என்பது அளக்கும் கருவி. தமிழ்நாட்டில் பிள்ளைகள் ஸ்கேல் என்றும் இலங்கையில் அடிமட்டம் என்றும் சொல்வது அதையே. அளவீடு என்பது அளக்கும் செயல் அல்லது அதில் கிடைத்த மதிப்பு. வரைபடத்துக்குப் பொருந்துவது அளவுத்திட்டம். பத்தாம் வகுப்பில் வரைபடத்தாளின் மேல் மூலையில் 'அளவுத்திட்டம்: x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு' என்று எழுதியவர்களுக்கு இச்சொல் புதிதன்று. திட்டம் என்றதும் அரசுத் திட்டம் நினைவுக்கு வந்தாலும், 'உப்பைத் திட்டமாகப் போடு' என்று அடுக்களையில் சொல்லும்போது உள்ள பழைய பொருள், அதாவது வரையறுத்த அளவு என்பதே, இங்கே வேலை செய்கிறது. எனவே அச்சின் எண்களை மாற்றுவதை அளவுத்திட்ட மாற்றம் என்றும், படத்தைப் பெருக்குவதையும் சுருக்குவதையும் உருவளவு மாற்றம் என்றும் பிரித்துச் சொல்லலாம்.

அச்சு என்ற சொல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். வண்டியின் இரு சக்கரங்களையும் தாங்கும் தண்டுதான் அச்சு. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்று குறள் சொல்வது அதையே. ஆங்கில ஆக்சிஸும் லத்தீனில் வண்டியச்சையே குறித்தது. வடமொழி 'அக்ஷ' அதன் உறவுச் சொல். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே உருவகம் கணிதத்துக்குள் வந்திருக்கிறது.

இனி, வேலை நடக்கும் இடத்துக்கு வருவோம். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்ப்பதற்காக ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் உருவாக்கத் தொடங்கி, 2003-இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் என்ற, பைத்தான் மொழியில் படம் வரைவதற்கான நிரலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) எடுத்துக்கொள்வோம். 10 விநாடி ஒலிப்பதிவில் எந்த நேரத்தில் எந்த அலைவெண் எவ்வளவு வலுவாக உள்ளது என்று காட்டும் அலைவெண் படம் ஒன்று, 100 கிடை வரிசையும் 200 நெடு நிரலும் கொண்ட எண்ணணியாக, அதாவது எண்களின் அட்டவணையாக, நம்மிடம் இருக்கிறது. ஒரு நிரல் 0.05 விநாடி, ஒரு வரிசை 5 ஹெர்ட்ஸ். இதை, எண்ணணியைப் படமாக வரையும் 'இம்ஷோ' என்ற கட்டளைக்குக் கொடுத்தால், கிடை அச்சில் விநாடி வராது. எத்தனையாவது நிரல் என்ற, 0-இலிருந்து எண்ணப்படும் எண்தான் வரும். ஒவ்வொரு புள்ளியின் நடுவும் முழு எண்ணில் அமைவதால், அச்சு 0-இல் தொடங்காமல் -0.5-இலிருந்து 199.5 வரை ஓடும்.

இதைச் சரிசெய்ய 'எக்ஸ்டென்ட்' என்ற அளபுருவுக்கு (கட்டளையோடு நாம் தரும் அமைப்பு மதிப்புக்கு) இடம், வலம், கீழ், மேல் என்ற ஒழுங்கில் 0, 10, 0, 500 என்று நான்கு எண்களைத் தரவேண்டும். எக்ஸ்டென்ட் என்பது நீட்டி விரித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தாலும், அதை விரிவு என்று மொழிபெயர்ப்பது உதவாது. வீச்சு என்றால் இயற்பியலில் அலைவீச்சோடு குழம்பும். நிரலகம் கேட்பது படத்தின் வெளி விளிம்புகளை, புள்ளிகளின் நடுவை அன்று. ஆகவே புறவெல்லை என்பதே செயலைக் காட்டும் சொல். இந்தச் சொல்லை மனத்தில் வைத்திருப்பவர், முதல் நிரலின் நடுப்புள்ளி சரியாக 0 விநாடியில் நிற்கவேண்டுமானால் எல்லைகளை -0.025 என்றும் 9.975 என்றும் தரவேண்டும் என்பதைத் தானே கண்டுகொள்வார்.

புறவெல்லையைத் தந்தவுடன் படம் நூல்போல ஒடுங்கி நிற்கும். இரு அச்சுகளிலும் ஓர் அலகு ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்பது இம்ஷோவின் இயல்பு. அதனால் 10 அகலமும் 500 உயரமுமாக, உயரத்தில் 50-இல் ஒரு பங்கே அகலம் கிடைக்கிறது. விநாடியையும் ஹெர்ட்ஸையும் ஒரே நீளத்தில் காட்டுவதில் பொருளே இல்லை. இரு அச்சுகளின் அலகு நீளங்களுக்கிடையேயான விகிதத்தைச் சொல்லும் 'ஆஸ்பெக்ட்' என்பதை 'ஆட்டோ' என்று வைத்தால் ஒவ்வோர் அச்சும் தனக்குரிய அளவுத்திட்டத்தைப் பெறும். பள்ளித் தாளில் x அச்சுக்கும் y அச்சுக்கும் தனித்தனியே எழுதினோமே, அதேதான்.

இதைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. இம்ஷோ முதல் வரிசையை மேலே வைத்து வரையும். நம் எண்ணணியின் முதல் வரிசையோ மிகத் தாழ்ந்த அலைவெண். மேலெல்லையை 500 என்று தந்துவிட்டு, முதல் வரிசை மேலா கீழா என்று சொல்லும் 'ஆரிஜின்' என்பதை 'லோயர்' (கீழ்) என்று மாற்றாமல் விட்டால், தாழ்ந்த ஒலி 500 ஹெர்ட்ஸ் அருகே அமர்ந்துவிடும். மென்பொருள் பிழைச் செய்தி எதையும் தராது. படமும் அழகாகவே இருக்கும்.

அச்சுக்குறிகளின் பெயரை மட்டும் கையால் மாற்றி எழுதுவோரும் உண்டு. அது அளவுத்திட்ட மாற்றம் ஆகாது, பழைய எண்ணின்மேல் சீட்டு ஒட்டுவதுதான்; படத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தவுடன் எண்ணும் இடமும் பிரிந்துபோகும். மடக்கை அளவுத்திட்டம் (1, 10, 100 என்று மடங்காக ஏறுவது) வேண்டுவோர் இம்ஷோவை விட்டு, ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பையும் தனித்தனியே பெற்றுக்கொள்ளும் 'பிகலர்மெஷ்' கட்டளைக்குப் போகவேண்டும்.