எதிர்காற்றில் பந்து ஏன் எகிறுகிறது?

2027-ல் ஓப்பன் கோல்ஃப் போட்டி மறுபடியும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸுக்கு வருகிறது. அதையொட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எதிர்காற்றில் ஓங்கித்தானே அடிக்க வேண்டும்? பெரிய வீரர்கள்கூட ஏன் அளவாக, தாழ்வாக அடிக்கிறார்கள்?"

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஓல்டு கோர்ஸ் போலக் கடலோர மணல்மேட்டில் அமைந்த மைதானத்தை 'லிங்க்ஸ்' என்பார்கள். காற்றைத் தடுக்க மரங்கள் கிடையாது. மணலில் தண்ணீர் தேங்காததால் தரை இறுகியிருக்கும், புல் குட்டையாக இருக்கும். ஓல்டு கோர்ஸில் முதல்முறையாக ஓப்பன் நடந்தது 1873-ல்.

இனி பந்துக்கு வருவோம். கோல்ஃப் மட்டையின் முகம் சற்றே பின்சாய்ந்தது. அதனால் அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றபடியே பறக்கிறது. தொழில்முறை வீரர் 'டிரைவர்' எனும் தூர அடிக்கான நீண்ட மட்டையால் அடித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்று. பந்தின் மேல்பக்கத்தில் சுழலும் பரப்பும் எதிரே வரும் காற்றும் ஒரே திசையில் போகின்றன. கீழ்ப்பக்கத்தில் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. ஆகவே மேலே காற்று பந்தோடு ஒட்டிக்கொண்டு பின்புறம்வரை வளைந்து வருகிறது, கீழே சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. மொத்தத்தில் பந்து காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தை மேலே தள்ளுகிறது. இதுதான் மேக்னஸ் விளைவு. டிரைவரால் நன்றாக அடித்தால் தொடக்கத்தில் இந்த மேல்விசை பந்தின் எடையையே மிஞ்சிவிடும்! எறிந்த கல் இப்படி ஒருபோதும் பறக்காது.

எதிர்காற்று வந்தால் என்ன ஆகும்? பந்து நொடிக்கு 60 மீட்டர் வேகத்திலும் காற்று 10 மீட்டர் வேகத்திலும் எதிரெதிரே வந்தால், பந்து உணரும் வேகம் 70. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சுமார் 36 சதவீதம் கூடுகிறது. கூடவே மேல்விசையும் கூடுகிறது. பந்து ஜிவ்வென்று ஏறுகிறது. உயரத்திலோ காற்று இன்னும் பலம். முன்னேறும் வேகத்தை இழந்து, கிட்டத்தட்ட செங்குத்தாக விழுகிறது. ஓங்கி அடித்தால் சுழற்சியும் ஏறும், பந்து இன்னும் எகிறும்.

இந்தச் சுழற்சியின் மகிமையை 1890-களில் கணக்கிட்டுக் காட்டியவர் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். ஈர்ப்பையும் காற்றுத்தடையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பந்து அவ்வளவு நேரம் வானில் நிற்க வழியில்லை. பந்தில் ஒரு நாடாவைக் கட்டி, களிமண்ணை நோக்கி அடிக்கவைத்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணிச் சுழற்சியை அளந்தார். அவருடைய மகன் ஃபிரெடி 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன். விளையாட்டில் எழுந்த ஒரு கேள்வியைப் பேராசிரியர் ஒருவர் இத்தனை கரிசனத்தோடு துரத்தியதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது. உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல் இத்தகைய ஆர்வத்துக்கும் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே லிங்க்ஸ் வீரர் சாய்வு குறைந்த மட்டையை எடுக்கிறார், பந்தைப் பின்னங்காலின் பக்கமாக வைத்துக்கொள்கிறார், வீச்சைச் சுருக்குகிறார். வேகமும் சுழற்சியும் குறைகின்றன. தாழ்வாகப் பறந்து சாய்வாக இறங்கும் பந்தை இறுகிய தரை வெகுதூரம் உருட்டிச் செல்கிறது. ஓல்டு கோர்ஸில் 14 ஹோல்கள் (பந்தைப் போட வேண்டிய குழிகள்) ஏழு பெரிய கிரீன்களை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைகளை) பகிர்ந்துகொள்கின்றன. பலவற்றுக்குத் தரையோடு உருட்டியே பந்தைக் கொண்டுபோகலாம். முதல் ஹோலில் மட்டும் இந்த உபாயம் பலிக்காது. கிரீனுக்கு முன்னால் ஸ்வில்கன் ஓடை குறுக்கே ஓடுகிறது. எதிர்காற்றானாலும் பந்தைப் பறக்கவிட்டே தீர வேண்டும்.