பிச்சியின் எடை அரளிக்கும் ஏறுவது ஏன்?

தோவாளைப் பூச்சந்தைக்கு ஒரு வரத்துக் கணக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பிச்சி ஒரே ஆளிடமிருந்து மொத்தமாக வருவதில்லை. விடியும் முன்பே ஒருவர் மாற்றி ஒருவர் கொண்டுவந்து இறக்குவார்கள். ஹேஷ் மேப் என்பது ஒவ்வொரு பெயருக்கும், அதாவது சாவிக்கும், ஒரு மதிப்பைச் சேர்த்துவைக்கும் அமைப்பு. அதில் ‘பிச்சி’ என்ற சாவிக்கு 12 கிலோ என்று எழுதி, அடுத்து 7 என்று எழுதினால் 12 அழிந்துவிடும். ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான். அந்த மதிப்பையே ஓர் அணியாக, அதாவது பல மதிப்புகளின் வரிசையாக, வைத்துவிட்டால் 12, 7 என எத்தனை எடை வந்தாலும் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிவைத்த யோசனைதான் ஹேஷ் மேப்புக்கு அடிப்படை. சாவியின் எழுத்துகளைக் கணக்கிட்டு ஓர் எண்ணாக்கி, அந்த எண் காட்டும் அறைக்கு நேராகப் போய்விடுவது. ஜாவா நிரல்மொழியில் ஹேஷ் மேப் வழக்கமாக 16 அறைகளில் தொடங்கும். 13-ஆவது சாவி வந்ததும் அறைகள் 32 ஆகிவிடும்.

அறைக்குள் அணி இருப்பதில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கே இருப்பது, நினைவகத்தில் அணி இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. பைத்தான் நிரல்மொழியில், எல்லாச் சாவிகளுக்கும் ஒரே மதிப்பைத் தரும் ‘ஃபிரம்கீஸ்’ கட்டளைக்கு பிச்சி, அரளி, கொழுந்து ஆகிய மூன்று சாவிகளையும் ஒரு வெற்றுப் பட்டியலையும் (பைத்தானில் அணியின் இடத்தில் இருப்பது இதுதான்) கொடுத்துப் பாருங்கள். பிறகு பிச்சிக்கு 12 சேர்த்துவிட்டு அரளியைக் கேட்டால், அங்கும் 12 இருக்கும்! மூன்று அறைகளிலும் எழுதியிருப்பது ஒரே முகவரி. பிழைச் செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். இதைவிடப் பொல்லாத பிழை புதிதாக நிரல் கற்பவர்களுக்கு வாய்ப்பது அரிது.

ஒவ்வொரு சாவியும் முதல்முறை வரும்போது அதற்கென்று புதிய பட்டியல் பிறக்க வேண்டும். பைத்தானின் ‘டிஃபால்ட்டிக்ட்’ என்ற மேப் இதைத் தானாகவே செய்கிறது. ஜாவாவில் 2014-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் இதற்கென ‘கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. ஜாவாவின் சாதாரண அணிக்கு நீளம் மாறாது என்பதால், வரத்து கூடக்கூட நீள்வதற்கு ‘அரேலிஸ்ட்’ என்ற நீளும் பட்டியலை வைப்பதே சரி.

அணியைச் சாவியாக வைப்பது வேறு கதை. பைத்தான் பட்டியலைச் சாவியாக ஏற்கவே மறுத்துவிடும். உள்ளடக்கம் மாறினால் அதிலிருந்து கணக்கிட்ட அறை எண்ணும் மாறி, வைத்த அறையே தெரியாமல் போய்விடும் என்பதே காரணம். ஜாவா ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதே எண்களைக் கொண்ட வேறோர் அணியைக் கொடுத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது.