வாய்க்கால் வெட்டினார்கள், காடு வந்தது

பிச்சாவரத்தில் படகு ஏறினால், கைக்கு எட்டுகிற வெண்கண்டல் இலை ஒன்றை விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். வெயில் நேரமாக இருந்தால் இலையின் மேல் பொடிப்பொடியாக உப்புப் படிகங்களே தெரியும். வேர் உறிஞ்சிய கரிப்புத் தண்ணீரிலிருந்து மிஞ்சிய உப்பை, இலையில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. உப்போடு இவ்வளவு சாமர்த்தியமாக வாழத் தெரிந்த மரமே ஒரு காலத்தில் இங்கே பட்டுப்போனது. அது ஏன் என்று கண்டுபிடித்ததிலும், காட்டைத் திரும்பக் கொண்டுவந்ததிலும் நம் எல்லோருக்கும் பாடம் இருக்கிறது.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிறது இந்த அலையாத்தி நிலம், அதாவது கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு. சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, இங்கே வளரும் மரம் ஒன்றின் பெயர்தான். 1980களில் பார்த்தால் ஓடைக்கரைகளில் மட்டும் மரங்கள் நிற்கும்; உள்ளே போனால் வெறும் பொட்டல். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால்தான் காடு அழிந்தது என்பது அன்றைய பொதுவான முடிவு. அந்த முடிவை நம்பினால் செய்ய வேண்டியதும் சுலபம்: வேலி போடு, ஆட்களை உள்ளே விடாதே, கன்று நடு.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் நீரோட்டத்தையும் காட்டின் பழைய வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். அது அரசே ஏற்று நடத்திய வெட்டு. நிழல் போனதும் சேற்று மண் வெயிலில் காய்ந்தது. காய்ந்த மண் நீரை இழந்து அமுங்கியது. கரையோரம் மேடாகவே இருக்க, நடுப்பகுதி மட்டும் தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது.

இங்கே ஓதம், அதாவது தினமும் கடல்மட்டம், ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்குள்தான். அவ்வளவு சிறிய ஏற்ற இறக்கத்தில் சில அங்குலப் பள்ளம்கூடப் பெரிய விஷயம். ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் பள்ளத்தில் தேங்கும். கோடையில் அது ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். மறுபடி தண்ணீர் வரும், மறுபடி உப்பு தங்கும். உப்பளத்தில் நடக்கிற அதே வேலைதான். இப்படியே போய் மண்ணின் உப்பு கடல்நீரின் உப்பையும் தாண்டிவிட்டது. அந்த மண்ணில் வெண்கண்டல் விதைகூட முளைக்காது. எத்தனை வேலி போட்டாலும், எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் பயனில்லை.

மருந்தும் இதிலிருந்தே வந்தது: தேங்கும் தண்ணீருக்கு வழி விட வேண்டும். இயற்கையான ஓடையிலிருந்து பொட்டலுக்குள் சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும்; பெயரும் மீன்முள் வாய்க்கால் என்றே ஆனது. ஓதம் உள்ளே வந்து போக ஆரம்பித்ததும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். உப்பு இறங்கியதும் வாய்க்கால் சரிவில், தண்ணீர் நனைக்கும் ஆனால் மூழ்கடிக்காத உயரத்தில் கன்றுகளை வைத்தார்கள். தெற்கே இன்னோர் அலையாத்திக் காடு இருக்கும் முத்துப்பேட்டைப் பக்கத்து மீனவர்களுக்கு இந்த மாதிரி வேலை புதிதில்லை. காயலிலிருந்து உள்ளே வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு வரும் மீனைப் பிடிப்பது அவர்களுடைய பழைய தொழில்முறை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, வழியும் தெரிந்துவிட்டது. அப்புறம் ஊர் மக்கள் எதற்கு என்று கேட்கலாம். பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். நகரில் வாழும் இருளர் பழங்குடிகளை நினைத்துப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட, ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். எந்த ஓடையில் தண்ணீர் எந்த நேரத்துக்கு வடியும், எங்கே சேறு ஆழம், எங்கே மண் இறுகிவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. இந்த அறிவைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்க முடியாது.

ஊரைக் கூட்டித் திட்டம் போடும் முறை மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. தரையில் கோடு போட்டு ஊரையும் ஓடைகளையும் வரைவார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கே மரம் நின்றது என்று பெரியவர்கள் காட்டுவார்கள். எந்த மாதத்தில் விறகுக்குப் போகிறார்கள், எந்த மாதத்தில் கையில் காசில்லை என்று பெண்கள் சொல்வார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கிராம மன்றங்கள் அமைத்தபோது, வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர் என்று வைத்தார்கள். என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் நல்ல முடிவு இதுதான். குடும்பத்துக்கு ஒருவர் என்றால் ஆண் மட்டுமே வருவார். அடுப்புக்கு விறகு தேடும் கை கூட்டத்துக்கு வெளியே நிற்கும்.

அந்த மக்களின் முதல் கோரிக்கை காடாக இருக்கவில்லை. இருளர்களுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, வலையும் படகும் இல்லை. காட்டை மீட்கும் திட்டத்துக்கும் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிட்டிருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். வாய்க்கால் வெட்டிய கூலியும் ஊருக்குள் வந்தது. 2003இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு, அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் பிச்சாவரத்தில் மரப்போர்வை சுமார் 90 சதவீதம் கூடியதாகச் சொன்னது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. மரங்கள் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கடலூர்க் கடற்கரையை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். மேடான இடமும் கடலிலிருந்து இருந்த தூரமும்கூடக் காரணம் என்று வேறு சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அதுவும் நியாயமான வாதமே.

வெட்டிவிட்டால் வாய்க்கால் அப்படியே இருந்துவிடாது. சில வருஷத்தில் வண்டல் அடைத்துக்கொள்ளும். தூர் வாராவிட்டால் தண்ணீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். திட்டக் காலம் முடிந்து, பணம் தந்தவர்கள் போன பிறகும் மண்வெட்டியோடு இறங்க ஆள் வேண்டும்.

ஊர் மன்றம் மட்டும் சரிசெய்ய முடியாத விஷயமும் ஒன்று உண்டு. அலையாத்திக்கு ஆற்றின் நல்ல தண்ணீரும் கலக்க வேண்டும். கொள்ளிடத்தில் கடைசிவரை எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை மேலே உள்ள அணைகள் முடிவு செய்கின்றன. அந்தக் கணக்குப் போடும் மேசையில் கிள்ளைக்காரர் ஒருவருக்கும் நாற்காலி வேண்டும். பறியைப் பல்லில் கவ்வும் பெண்ணுக்கும் ஒன்று.