டயருக்கடியில் அரைபடும் வண்டல்

களத்தில் நெல் தூற்றும்போது மணி காலடியில் விழும், பதர் சற்றுத் தள்ளி விழும், தூசி மட்டும் தெருக்கோடிவரை போகும். சாலைப் புழுதியும் இதே கணக்கில்தான் பிரிகிறது. மூக்கின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அசைவில்லாத காற்றில் அங்கிருந்து தரைக்கு வர 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளுக்கு 10 நொடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ 8 நிமிடம், 2.5 மைக்ரானுக்கு 2 மணி நேரத்துக்கு மேல். இது நீரின் அடர்த்தியுள்ள துகளுக்கான கணக்கு. மண் துகள் கனமானது, இன்னும் சீக்கிரம் விழும். டீசல் கரியில் 0.1 மைக்ரான் அளவில் இருப்பவை தானாக விழுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். தலைமுடியின் தடிமனே 50 முதல் 70 மைக்ரான். எனவே லாரி போய், புழுதி அடங்கிவிட்டதென்று முகத்திலிருந்து துண்டை எடுக்கும் நேரத்தில் காற்றில் மிஞ்சியிருப்பவை நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவைதான்.

டெல்டாவின் மண்ணே பொடியானது. களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது, வண்டல் துகள் 2 முதல் 50 மைக்ரான். வயலில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடப்பதால் தொல்லை இல்லை. சம்பா அறுவடையின்போது அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலைவிட்டுச் சாலையில் ஏறுகையில் சக்கரத்துச் சேறு தாரில் உதிர்கிறது. இரண்டு வெயிலில் அது காய்ந்துவிடும். பிறகு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் லாரிகளும் மணல் டிப்பர்களும் அதை மாவாக அரைத்து, பின்னால் எழும் காற்றுச் சுழலில் தூக்கிவிடுகின்றன. எதிரே பேருந்து வந்து ஒதுங்கும்போது ஒரு சக்கரம் மண் ஓரத்தில் இறங்கி ஏறுமே, அதுவும் அதே வேலையைச் செய்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தார்ச்சாலைப் புழுதிக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. சாலைமேல் 75 மைக்ரானுக்குக் குறைந்த பொடி இரண்டு மடங்கானால் எழும் புழுதி ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. வண்டிகளின் சராசரி எடை இரண்டு மடங்கானால் புழுதியும் இரண்டு மடங்கு. தண்ணீர் தெளிப்பது வெயில் ஏறும்வரைதான் நிற்கும். பொடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் சேற்றை வழித்து எடுப்பதுதான் பலன் தரும். கட்டுமான இடங்களில் வண்டி வெளியேறும் வழியில் 15 மீட்டர் நீளத்துக்குப் பெருஞ்ஜல்லி பரப்புவார்கள், டயர் அதன்மேல் உருளும்போதே மண் உதிர்ந்துவிடும். வண்டிகள் அதிகம் ஏறி இறங்கும் வயல் வாய்களில் இதைச் செய்வது பெரிய செலவல்ல.

புகைக்கரி வேறு இனம். வாகனப் புகையைக் கட்டுப்படுத்த 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) விதிக்குப் பிந்தைய டீசல் லாரிகளில், தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி கரியைப் பிடித்துவைக்கிறது. புகைக்குழாய் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும்போது அந்தக் கரி எரிந்துபோகும். ஆலைக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் நடுவே மெதுவாக, குறைந்த தூரமே ஓடும் லாரியில் அந்தச் சூடு வராது. வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது நெடுஞ்சாலையில் 20, 30 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வடிகட்டியையே கழற்றிவிடுவது பெரிய தவறு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. டிராக்டர்களுக்கு பிஎஸ் விதி பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம். பிரேக், டயர் தேய்மானத் துகள்கள் மின்சார வண்டியிலும் வரும்.

மூச்சுக்குழாயில் படிவதைச் சளியும் நுண்மயிர்களும் ஒரு நாளுக்குள் மேலே தள்ளிவிடும். 2.5 மைக்ரானுக்குச் சிறியவை எட்டும் காற்றுச் சிற்றறைகளில் அந்த நுண்மயிர்கள் கிடையாது. விழுங்கணுக்கள் எனும் உடலின் காவல் அணுக்கள் அந்தத் துகள்களை விழுங்க, அழற்சி கிளம்புகிறது. ரத்தம் எளிதில் உறையத் தொடங்குகிறது. ஆஸ்துமாவோடு மாரடைப்பும் பக்கவாதமும் இந்தப் பட்டியலில் வருவது இதனால்தான். 24 மணி நேரச் சராசரியாக 2.5 மைக்ரான் துகள்களுக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

மார்கழி, தை விடியலில் தரை குளிர்ந்து, குளிர்காற்றின்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நின்றுவிடும். புகை மேலே போக வழியில்லை. அந்த நேரத்தில் நெடுஞ்சாலையோரம் நடைப்பயிற்சி வேண்டாம். 200 மீட்டர் உள்ளே தள்ளிய வாய்க்கால் கரைக்குப் போனாலே மிகச்சிறிய புகைத்துகள்கள் வெகுவாகக் குறையும். சாலையில் நெல் காயவைத்துக் கிளறுகிறவர்கள்தான் அதிகம் சுவாசிக்கிறார்கள், அவர்களில் பலர் வயதான பெண்கள். துண்டு பெருந்தூசியை மட்டுமே தடுக்கும். என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் துகளிலும் 95 விழுக்காட்டைப் பிடிக்கும், ஆனால் மூக்குப் பட்டையை அழுத்தி, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் போட வேண்டும். மூச்சை இழுக்கும்போது கவசம் லேசாக உள்வாங்கினால் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள்.