வளவு முழுக்கக் கல் பதித்தால் வெள்ளம் எங்கே போகும்?

மாரி தொடங்கினால் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே கதைதான். "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்திட்டுது, வாய்க்காலைப் பெரிசாக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்கோ." கடைசியாகப் போய்ப் பார்த்த வளவில் ஒரு சாண் மண்கூட இல்லை. கேற்றிலிருந்து கிணற்றுக்கட்டு வரை கல், கல்லுக்குக் கீழே கொங்கிறீற். குப்பை கொட்டுது என்று வேம்பையும் தறித்துவிட்டார்கள். பக்கத்து வளவுக்காரரோ கிரவல் போட்டு இரண்டடி உயர்த்தியிருக்கிறார்.

வாய்க்காலைப் பெரிதாக்கினால் எல்லாம் சரி என்ற நினைப்பைத் தயவுசெய்து விடுங்கள். நகரத் திட்டமிடல் வேலையில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது இதோடுதான். ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றரில், 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 25,000 லீற்றர் தண்ணீர். ஒழுங்கையில் இருபது வீடும் அதைத் தெருவுக்குத் தள்ளினால் ஐந்து இலட்சம் லீற்றர். எங்கள் யாழ்ப்பாணம் தட்டை நிலம், வாய்க்கால் எவ்வளவு அகலமானாலும் தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும், கடல்நீரேரியும் நிறைந்திருந்தால் அது போக இடமே இல்லை. 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, இரண்டு புயலையும் பார்த்தவர்கள்தானே நாங்கள். பூமி சூடாகச் சூடாக இப்படி ஒரேயடியாகக் கொட்டும் மழை கூடத்தான் போகிறது.

சரி, எல்லாத்தையும் கடலுக்கு அனுப்பிவிட்டோம் என்றே வைப்போம். குடிக்க? எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மாரி மழைதான் கிணற்றில் இருப்பது. அந்த நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு உப்புத் தண்ணீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே குறைந்தால் உவர் ஏறும்.

கார் நிற்கிற இடத்துக்கும் நடைபாதைக்கும் மட்டும் கல் போடுங்கள். கூரைப் பீலித் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள், மிஞ்சுவதை நிலத்துக்குள் இறங்க ஓர் ஊறுகுழி வெட்டி அதற்குள் விடுங்கள். குழியை மலக்குழிக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டாம், கூரைத் தண்ணீரை நேரே கிணற்றுக்குள்ளும் இறக்க வேண்டாம். நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டாது.

என்னோடு இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று: வீதிக்குக் காப்பெற், அதாவது புதுத் தார், போட முன்னம் பழைய தாரைச் சுரண்டச் சொல்லி மதிப்பீட்டிலேயே எழுதுங்கள், வீதி உயர உயர வீடுகள் பள்ளத்தில் போகின்றன. ஆரியகுளமோ புல்லுக்குளமோ, குளத்தின் கரையை அழகாக்க முன்னம் தண்ணீர் வந்து சேரும் வழியைத் திறவுங்கள்.

ஏற்கெனவே கல் பதித்தவர்கள் முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. தண்ணீர் தேங்குகிற பக்கத்தில் மதிலோரமாக இரண்டடி அகலத்துக்குக் கல்லையும் கீழுள்ள கொங்கிறீற்றையும் கிளப்பி, மண் தெரிய விடுங்கள். மேசனுக்கு ஒரு நாள் வேலை, ஐப்பசிக்கு முன்னம் செய்யுங்கள்.